சால்மன், ஹாலிபட் பிடிக்கப் போகிறீர்களா? தூண்டிலுக்கு முன்னால் ஏரியா எண்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலில் தூண்டில் போடப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: போன வாரம் யாரோ சொன்னதை நம்பிப் படகை இறக்காதீர்கள். சால்மனும், ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனும் பிடிக்கிற வித்தை இரண்டு மூன்று சீசனில் கைக்கு வந்துவிடும். விதி அப்படி ஒருமுறை படித்து முடிகிற விஷயம் இல்லை, ஏப்ரலில் ஒன்றாக இருக்கும், ஜூலை நடுவில் வேறாகிவிடும், அதே ஜூலையில் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒன்றும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இன்னொரு படகுக்கு வேறொன்றுமாக இருக்கும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஹாலிபட்டுக்கு அதிகபட்ச நீளம் உண்டு, அதைவிடப் பெரிய மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். அந்த அளவு 133 சென்டிமீட்டராக இருந்த காலத்தில், படகின் விளிம்பில் அளந்து ஒரு சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன். பிறகு 115 ஆகக் குறைத்தார்கள். எனக்குத் தெரியும், படித்தேன், படகில் வந்த மைத்துனரிடம்கூடச் சொன்னேன், ஆனால் டேப் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நாற்பது நிமிடம் இழுத்து ஒரு மீன் மேலே வந்தது, படகோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம், சிவப்புக் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது, மைத்துனர் ஹார்ப்பூனைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நொடியில்தான் மண்டையில் உறைத்தது. "மாமா, வேண்டாம், நிறுத்துங்கள்" என்று கத்தி நூலை வெட்டினேன். அவர் அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது சீசன் தொடங்கும்போது நான் செய்கிற முதல் வேலை பழைய டேப்பை உரித்துப் போடுவது.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. கடலில் பிடிக்கக் கனடா மத்திய அரசின் மீன்வள, பெருங்கடல் துறை கொடுக்கும் கடல் லைசென்ஸ் வேண்டும், எல்லோரும் டி.எஃப்.ஓ. என்றுதான் சொல்வார்கள், ஆன்லைனில் வாங்கலாம். ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை செல்லும், ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று நினைத்துக்கொண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் பழைய லைசென்ஸோடு போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அதன் மேல் சால்மன் பாதுகாப்பு ஸ்டாம்பும் தனியாக வாங்க வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு லைசென்ஸ் இலவசம், ஆனால் லைசென்ஸ் என்று ஒன்று எடுத்தே ஆக வேண்டும். ஆறு, ஏரிக்கு மாகாண அரசின் லைசென்ஸ், அது வேறு கதை. ஃப்ரேசர் ஆற்றில் இந்த இரண்டுக்கும் எல்லை மிஷன் என்ற ஊரின் ரயில் பாலம், அதற்குக் கீழே கடல் லைசென்ஸ், மேலே நன்னீர் லைசென்ஸ்.

சரி, இப்போது ஏரியா.

இந்தக் கரை முழுவதையும் எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1, 2 ஹைடா குவாய் பக்கம். 13 கேம்பல் ரிவர். 17 நனைமோ. 19 விக்டோரியா, அதற்கு மேற்கே சூக், போர்ட் ரென்ஃப்ரூ பக்கம் 20. வான்கூவர் துறைமுகமும் ஹவ் சவுண்டும் 28, பாயின்ட் கிரேயைத் தாண்டி ஃப்ரேசர் முகத்துவாரம் பக்கம் இறங்கினால் 29. மேற்குக் கரையில் டொஃபினோவின் உள்பக்கம் 24, அதற்கு வெளியே திறந்த கடல் 124, இப்படி வெளிக்கடலுக்கு நூறைக் கூட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஏரியாவுக்குள்ளும் 20-5, 29-3 என்று துணை எண்கள். விதி எழுதப்படுவது இந்தத் துணை எண்ணுக்குத்தான், ஊர்ப் பெயருக்கு இல்லை. "சூக்கில் சினூக் திறந்திருக்கிறதா" என்று சால்மனில் ஒரு வகையான சினூக்கைப் பற்றிக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது, "20-5-ல் இன்றைக்கு என்ன" என்று கேட்டால் கிடைக்கும். அதனால் நீங்கள் போகிற இடம் எந்தத் துணை ஏரியா, பக்கத்தில் எது, எல்லைக்கோடு எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்று முதல் நாள் இரவே வரைபடத்தில் பார்த்து ஜிபிஎஸ்ஸில் குறித்துவிடுங்கள். கடலில் கோடு தெரியாது, சால்மனுக்காகப் படகை ஓட்டிக்கொண்டே இழுக்கும்போது ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள்.

துறையின் தளத்தில் ஏரியா எண்ணைத் தட்டினால் அந்த ஏரியாவுக்கான பக்கம் வரும். அட்டவணையில் மீன், திறந்திருக்கும் தேதி, ஒரு நாளைக்கு எத்தனை, குறைந்தபட்ச நீளம், எந்தத் துணை ஏரியா என்று இருக்கும். படிக்கும்போது இரண்டு சொற்றொடர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "வைத்துக்கொள்ளக் கூடாது" என்று இருந்தால், அந்த மீன் தற்செயலாக மாட்டினால் விட்டுவிட்டு வேறு மீனுக்குத் தொடர்ந்து தூண்டில் போடலாம். "பிடிக்கக் கூடாது" என்று இருந்தால் பிடித்து விடுகிற விளையாட்டும் கூடாது, தூண்டிலே போடக் கூடாது. சில இடங்களில் சால்மன் மட்டும் இல்லாமல் துடுப்பு மீன் (ஃபின்ஃபிஷ்) எதற்குமே தூண்டில் போட முடியாதபடி மூடியிருப்பார்கள், அங்கே "நான் ஹாலிபட்டுக்குத்தானே போட்டேன்" என்ற பேச்சு எடுபடாது. இதே மாதிரி ராக்ஃபிஷ் என்ற பாறையோரத்து மீனுக்கான பாதுகாப்புப் பகுதிகள் 160-க்கு மேல் உண்டு. அவற்றுக்குள் நண்டுக் கூடு, இறால் கூடு வைக்கலாம், தூண்டில் நூலை மட்டும் தண்ணீரில் விடக் கூடாது, சால்மனுக்கு இழுத்துக்கொண்டு அதைக் கடந்து போவதும் தப்புத்தான். அவையும் ஜிபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

அந்தப் பக்கம் மட்டும் போதாது, நடுவில் எதுவும் மாறினால் 'ஃபிஷரி நோட்டீஸ்' என்று எண் போட்டு அறிவிப்பு வரும். மின்னஞ்சலுக்குப் பதிந்துகொண்டால் அறிவிப்பு வீட்டுக்கே வந்துவிடும், இலவசம்தான். பதியும்போது பலர் சால்மன் என்ற பெட்டியை மட்டும் டிக் செய்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஹாலிபட் அறிவிப்பு அதில் வராது, 'சால்மன் தவிர்த்த மற்ற துடுப்பு மீன்கள்' என்ற பிரிவில்தான் வரும், இரண்டையும் டிக் செய்யுங்கள். அறிவிப்பு வந்தால் தலைப்பைப் பார்த்துவிட்டு மூடாமல் தேதியையும் மணியையும் பாருங்கள். நள்ளிரவு 00:01 மணிக்கு அமலுக்கு வருகிற அறிவிப்புகள் நிறைய, சனிக்கிழமை காலையில் சரியாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில் தப்பாகிவிடும். அப்புறம், கடைகளில் ஒட்டியிருக்கிற தாள், நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், இவற்றில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை நான் திறப்பதுகூட இல்லை. கடலுக்குள் போனால் பல இடங்களில் சிக்னல் இருக்காது, அதனால் முதல் நாள் இரவு அந்தப் பக்கத்தைப் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்று எரிச்சல்படுவதற்கு முன், காரணம் தெரிந்தால் எப்போது மாறும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சால்மனில் பிரச்சினை சினூக், அதிலும் ஃப்ரேசர் ஆற்றுக்கு வசந்தத்திலும் கோடையிலும் திரும்புகிற சில இனங்கள். கடலில் எல்லா ஆற்று மீனும் கலந்து நீந்துகிறது, உங்கள் தூண்டிலில் மாட்டியது நலிந்த ஆற்றினுடையதா நன்றாக இருக்கிற ஆற்றினுடையதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் நலிந்த மீன் எந்த வாரம் எந்த நீர்ச்சந்து வழியாகப் போகிறதோ அந்த வாரம் அந்த இடத்தை மூடுகிறார்கள். 2019 ஏப்ரலில் தென் கரையின் பல பகுதிகளில் கோடை நடு வரை சினூக்கை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவித்தார்கள், ஓர் ஆண்டுக்கு 30 சினூக் என்றிருந்த வரம்பையும் 10 ஆக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் ஃப்ரேசர் ஆற்றில் பிக் பார் என்ற இடத்தில் பாறை சரிந்து மீன் ஏறும் வழி அடைபட்டிருப்பது தெரியவந்தது, நிலைமை இன்னும் மோசமானது. அதற்கு மேல், தெற்குக் கரையில் வாழும் ஓர்கா திமிங்கலக் கூட்டத்துக்குச் சினூக்தான் முக்கிய உணவு, எண்ணிக்கை எழுபத்தைந்துக்குப் பக்கம்தான், அவற்றுக்காகவும் சில இடங்கள் மூடப்படும், படகு ஓர்காவிடமிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்ற ஆணையும் தனியாக வரும். 2019-ல் தென் கரையில் 400 மீட்டர் என்று வைத்தார்கள், இது ஆண்டுதோறும் புதுப்பிக்கிற ஆணை என்பதால் அந்தந்த ஆண்டின் தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தென் கரையில் சினூக் விதி மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

ஹாலிபட்டின் கணக்கு வேறு. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1923-ல் தொடங்கிய பசிபிக் ஹாலிபட் ஆணையம் ஒவ்வொரு ஜனவரியிலும் கூடி எந்தப் பகுதியில் மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்யும், பிரிட்டிஷ் கொலம்பியா அதில் '2பி'. கனடாவுக்கு வருகிற பங்கில் 85 சதவீதம் தொழில்முறை மீனவர்களுக்கு, 15 சதவீதம் நமக்கு. 2012 வரை நம் பங்கு 12 சதவீதம்தான், 2011-ல் அது தீர்ந்துபோய்ச் செப்டம்பர் தொடக்கத்திலேயே சீசனை மூடிவிட்டார்கள், லாட்ஜ்காரர்களும் சார்ட்டர் படகுக்காரர்களும் கொதித்தார்கள். இந்த 15 சதவீதத்தை ஆண்டு முழுவதும் இழுத்துப் பிடிக்கத்தான் நீள வரம்பு, கையில் எத்தனை இருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை என்பதெல்லாம். 115, 126, 133 என்று மூன்று நீளத்தையும் நான் பார்த்துவிட்டேன். ஜனவரிக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு மாற்றம், ஏப்ரல் புது லைசென்ஸோடு ஒரு மாற்றம், சில ஆண்டுகளில் பங்கு மிச்சமிருந்தால் சீசன் கடைசியில் கொஞ்சம் தளர்வு, இதுதான் வழக்கமான ஓட்டம். பெரிய ஹாலிபட் பெரும்பாலும் பெண் மீன், லட்சக்கணக்கில் முட்டையிடும், அதை விடச் சொல்வதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இனி மீன்பிடிக்கும் பக்கத்துக்கு வருவோம். இங்கேயும் விதி கூடவே வரும்.

சால்மனுக்குத் தூண்டில் முள்ளில் பார்ப் இருக்கக் கூடாது, அதாவது நுனிக்குக் கொஞ்சம் கீழே எதிர்ப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிற குட்டி முள். கடையில் பார்ப் இல்லாமலே கிடைக்கும், இல்லாவிட்டால் இடுக்கியால் நசுக்குங்கள், நசுக்கிய பிறகு ஒரு துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள், மாட்டாமல் வர வேண்டும். அதிகாரி படகில் ஏறினால் பார்ப்பது இதைத்தான்.

முறை பெரும்பாலும் டிரோலிங், அதாவது படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுப்பது. டவுன்ரிக்கர் என்ற சுழற்சிக் கருவியில் ஐந்து, ஆறு கிலோ ஈயக் குண்டைக் கட்டி இறக்கி, அதன் கிளிப்பில் நூலை மாட்டி, ஃபிளாஷர் என்ற சுழன்று மின்னும் தகடு, அதற்குப் பின்னால் ஹூச்சி என்ற ரப்பர் இரையோ, ஸ்பூன் என்ற உலோக இரையோ, அல்லது டீசர் தலை என்ற பிளாஸ்டிக் உறையில் செருகிய நெத்திலியோ, இரண்டு, இரண்டரை நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் இழுக்க வேண்டும். ஹூச்சிக்குத் தானாக ஆட்டம் கிடையாது, ஃபிளாஷர் சுற்றுகிற சுற்றில்தான் அது துள்ளும், அதனால் இரண்டுக்கும் நடுவே நூல் ஒரு மீட்டருக்குப் பக்கமாகக் குட்டையாக இருக்க வேண்டும். நெத்திலி தானாகச் சுழலும், அதற்கு இரண்டு மீட்டர் விடலாம். சினூக் ஆழத்தில் நிற்கும், முப்பது மீட்டரிலிருந்து அறுபது மீட்டர் வரை தேடுங்கள், சில இடங்களில் குண்டு தரையைத் தட்டுகிற அளவுக்கு. கோஹோ என்ற இன்னொரு வகை சால்மன் மேலே திரியும், வேகம் கொஞ்சம் கூடினால் அதற்குப் பிடிக்கும். விடிகிற நேரமும், கடல் நீரோட்டம் திரும்புகிற நேரமும் நல்ல நேரம். இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அதனால் விரிக்கவில்லை.

யாரும் சரியாகச் சொல்லித் தராதது மீனைத் தண்ணீரில் வைத்தே அடையாளம் காண்பது. வலையில் தூக்கி, படகில் போட்டு, துள்ளவிட்டு, அப்புறம் "ஐயோ, இது சினூக்" என்று தூக்கிப் போட்டால் அது பிழைப்பது சந்தேகம், செதில் எல்லாம் வலையோடு போயிருக்கும். பக்கத்தில் வந்ததும் வாயைப் பாருங்கள். கீழ் ஈறு கறுப்பாக இருந்து, வாலின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டிலும் புள்ளி இருந்தால் சினூக். பல் முளைக்கிற ஈறு வெளுத்து, வாலின் மேல் பாதியில் மட்டும் புள்ளி இருந்தால் கோஹோ. வாலில் பெரிய நீள்வட்டப் புள்ளிகள் இருந்தால் பிங்க், இது ஃப்ரேசருக்கு ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் கூட்டமாக வரும். முதுகில் புள்ளியே இல்லாமல் கண்ணாடி மாதிரிக் கண் இருந்தால் சாக்ஐ.

அடுத்து கொழுப்புத் துடுப்பு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னதாக, சதையாக ஒன்று இருக்கும். குஞ்சுப் பண்ணையில் வளர்த்து விட்ட மீன்களில் பலவற்றுக்கு அதை வெட்டிவிட்டிருப்பார்கள், அந்த இடத்தில் ஆறிய தழும்பு தெரியும். சில ஏரியாக்களில் குறிப்பிட்ட தேதிகளில் துடுப்பு வெட்டிய கோஹோவை மட்டும், அல்லது வெட்டிய சினூக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது மூன்று, எந்த மீன், துடுப்பு இருக்கிறதா, என்ன நீளம். சினூக்குக்கு ஜார்ஜியா நீர்ச்சந்துப் பக்கம் குறைந்தபட்சம் 62 சென்டிமீட்டர், மற்ற பல இடங்களில் 45, மூக்கு நுனியிலிருந்து வாலின் கவட்டை வரை அளக்க வேண்டும். சில இடங்களில், சில மாதங்களில் சினூக்குக்கு மேல் வரம்பும் போடுகிறார்கள், பெரிதாக மாட்டியதே என்று குதிப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். விடுவதாக இருந்தால் வலை வேண்டாம், கொக்கிக் கம்பின் வளைவால் முள்ளைப் பிடித்து மேலே தூக்கித் திருப்பினால் மீன் தன் எடையிலேயே கழன்று போய்விடும். பார்ப்பை ஏன் நசுக்கச் சொன்னார்கள் என்று அப்போது தெரியும்.

ஹாலிபட் வேறு ஆட்டம், பொறுமை வேண்டும். மணலும் சரளையுமான மேடுகளின் ஓரம், நாற்பதிலிருந்து நூறு மீட்டர் ஆழம். விக்டோரியாவுக்கு வெளியே கான்ஸ்டன்ஸ் மேடு பெயர் பெற்றது. ஓட்டம் அடங்குகிற அந்த ஒரு மணி நேரம்தான் வேலை, ஆகவே நாளைத் தேர்ந்தெடுக்கும்போது நீர் ஏற்ற இறக்க வித்தியாசம் குறைவாக இருக்கிற நாளாகப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு கிலோ ஈயம் போட்டாலும் தரையில் நிற்காது. தடித்த பின்னல் நூல், ஈயமும் முள்ளும் சிக்காமல் விலக்கி வைக்கிற ஸ்ப்ரெடர் பார் என்ற கம்பி, பெரிய வட்ட முள், இரையாக ஹெர்ரிங் மீனோ ஆக்டோபஸ் துண்டோ. ஆக்டோபஸ் தோல் தடித்தது, டாக்ஃபிஷ் என்ற சின்னச் சுறா வந்து கடித்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும். டாக்ஃபிஷ் வரும், அது ஒரு தலைவலி, ஒன்றும் செய்ய முடியாது. வட்ட முள்ளில் சுண்டி இழுக்காதீர்கள், கம்பு வளையட்டும், மெதுவாகச் சுற்றுங்கள், வாய் ஓரத்தில் தானாக மாட்டிக்கொள்ளும்.

நங்கூரம் பற்றி ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம். வான் டி ஃபூகா நீர்ச்சந்தில் ஓட்டம் முரட்டுத்தனமானது. நங்கூரக் கயிறு முன்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும், பின்பக்கம் கட்டினால் படகு மூழ்கும். கயிற்றின் முனையில் மிதவையைக் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றிவிட்டு விலகுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய மீன் ஓடினாலும் கப்பல் வந்தாலும் அதுதான் காப்பாற்றும்.

ஹாலிபட்டை அளப்பது, வாயை மூடி, கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் நடுப்பகுதியின் முனை வரை, நேர்கோட்டில். உடம்பின் மேடு மேல் டேப்பை வளைத்து வைத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடிக் காட்டும். கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் நான் விட்டுவிடுவேன், ஆடுகிற படகில் ஒரு சென்டிமீட்டருக்காக வாதாடுவதில் அர்த்தம் இல்லை. வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, பிறகு வாலையும் தலையையும் கயிற்றால் வில் மாதிரி இழுத்துக் கட்டுங்கள். இருபது கிலோ ஹாலிபட் உயிரோடு படகுக்குள் வாலை அடித்தால் ரீல் உடையும், கால் எலும்பும் உடையும்.

ஆழத்தில் போடுகிற தூண்டிலில் ராக்ஃபிஷ்ஷும் மாட்டும். மேலே வரும்போது உள்ளே காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியாகப் பிதுங்கி, கண் தள்ளிக்கொண்டு நிற்கும், அப்படியே வீசினால் மிதந்து சாகும். வைத்துக்கொள்ளாத ராக்ஃபிஷ்ஷைப் பிடித்த ஆழத்துக்கே திரும்ப இறக்க வேண்டும் என்பது லைசென்ஸின் நிபந்தனை, அதற்கு டிசெண்டர் என்ற கருவி படகில் தயாராக இருக்க வேண்டும், தலைகீழாகக் கட்டிய பார்ப் இல்லாத முள்ளும் ஈயக் குண்டும்கூடப் போதும். ஆரஞ்சு நிறத்தில், மஞ்சள் கண்ணோடு வருகிற யெல்லோஐ ராக்ஃபிஷ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வைத்துக்கொண்ட மீனைப் பதிவது "கரைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்" என்ற விஷயம் இல்லை, உடனே செய்ய வேண்டும். சினூக், ஹாலிபட், சில ஏரியாக்களில் லிங்காட் என்ற மீன், இவற்றுக்குத் தேதியும் ஏரியா எண்ணும், ஹாலிபட் என்றால் நீளமும். தாளில் பதிகிறவர்கள் கையைத் துடைத்துவிட்டு எழுதுங்கள், ஈரத் தாளில் பால்பாயின்ட் பேனா எழுதாது, மேலே மேலே அழுத்தினால் தாள் கிழியும். நான் அழியாத மார்க்கர் ஒன்றை ஜிப் பையில் லைசென்ஸோடே போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அதிகாரி நிறுத்தினால், என்ன மீன், எத்தனை, என்ன நீளம் என்று பார்த்தாலே தெரிய வேண்டும். படகிலேயே தோலை உரித்துத் துண்டு போட்டுப் பையில் அடைத்தால் இது எதுவும் தெரியாது, அதுவே குற்றம். எப்படி வெட்டலாம் என்பதற்கும் அளவுகள் இருக்கின்றன, அதே தளத்தில் படியுங்கள், சந்தேகம் இருந்தால் குடலை மட்டும் எடுத்து முழு மீனாகக் கொண்டுபோங்கள்.

சில மாதங்களில் உங்களுக்கு ஐரெக் என்ற கணக்கெடுப்பு மின்னஞ்சல் வரும், அந்த மாதம் எத்தனை நாள் போனீர்கள், என்ன பிடித்தீர்கள் என்று. ஸ்பாம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், வந்தால் பதில் சொல்வது லைசென்ஸின் நிபந்தனை. ஒரு நாள்கூடப் போகவில்லை என்றாலும் போகவில்லை என்று நிரப்ப வேண்டும்.

கொழுப்புத் துடுப்பு இல்லாத சினூக், கோஹோ வைத்துக்கொண்டால் தலையை எறியாதீர்கள். மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு இருக்கலாம், எந்தப் பண்ணை, எந்த ஆண்டு என்று அதில் குறியீடு இருக்கும், அந்தக் கணக்கில்தான் அடுத்த ஆண்டு விதி எழுதப்படுகிறது. படகுத் துறைகளிலும் தூண்டில் கடைகளிலும் தலை போடுகிற பெட்டி வைத்திருப்பார்கள், கூடவே ஒரு சீட்டு இருக்கும், பிடித்த தேதியும் ஏரியாவும் எழுதிக் கட்டிப் போட்டால் போதும். சில மாதம் கழித்து உங்கள் மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று பதில் வரும். எனக்கு வந்த முதல் பதிலில், நான் இந்தப் பக்கத்து மீன் என்று அடித்துச் சொன்ன சினூக் எல்லை தாண்டி வாஷிங்டன் மாநிலப் பண்ணையில் பிறந்தது என்று இருந்தது.